‘இஸ்லாம் சொல்கிறது’ என்று தொடங்கும் முன்

‘இஸ்லாமியச் சட்டப்படி இதுதான் விதி’ என்று ஒருவர் அடித்துச் சொன்னால், எந்த மத்ஹபின், அதாவது எந்தச் சட்டப் பள்ளியின் சட்டப்படி என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் பதில் வராது. ஒரே சட்டப் புத்தகம், அதில் ஒரே தீர்ப்பு என்று நினைப்பதுதான் முதல் தவறு. சுன்னிகளிடம் ஹனஃபி, மாலிகி, ஷாஃபிஈ, ஹன்பலி என நான்கு மத்ஹபுகள். ஷியாக்களிடம் ஜஅஃபரி, ஸைதி. ஓமனில் இவ்விரண்டிலும் சேராத இபாளி.

குர்ஆன் ஒன்றுதானே, பிறகு ஏன் இத்தனை? ஒரே ஒரு சொல்லைப் பார்ப்போம். தொழுகைக்கான தூய்மை பற்றியும், தண்ணீர் கிடைக்காதபோது மண்ணால் செய்யும் தயம்மும் பற்றியும் பேசும் குர்ஆனின் 4:43 வசனத்தில் ‘லாமஸ்தும்’ என்று வருகிறது. ‘பெண்களைத் தீண்டியிருந்தால்’ என்று பொருள். தோலோடு தோல் பட்டாலே உளூ (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவிப் பெறும் தூய்மை) முறியும், மனைவியானாலும் சரி என்கிறார்கள் ஷாஃபிஈகள். அது தாம்பத்திய உறவைக் குறிக்கும் நாகரிகமான சொல், வெறுமனே தொட்டால் முறியாது என்கிறார்கள் ஹனஃபிகள். இச்சையோடு தொட்டால் முறியும் என்பது மாலிகிகளின் வழி. நபிகள் தொழும்போது ஸஜ்தாவில், அதாவது தலையைத் தரையில் வைக்கும்போது, என் காலைத் தொடுவார்கள் என்ற அவர்களின் மனைவி ஆயிஷா அவர்களின் அறிவிப்பை ஹனஃபிகள் காட்டுவார்கள். இடையில் துணி இருந்திருக்கலாமே என்று ஷாஃபிஈகள் கேட்பார்கள். இரு பக்கமும் வசனத்தைத் தள்ளவில்லை, உற்றுப் படித்திருக்கிறார்கள். ஹஜ்ஜில் கஅபாவைச் சுற்றிவரும் தவாஃப் நெரிசலில் யார் மேலும் படாமல் நடக்க முடியாது என்பதால், ஷாஃபிஈகள் பலர் அங்கே மற்ற மத்ஹபின் கருத்தைப் பின்பற்றுகிறார்கள்.

அடுத்த தவறு, ஷரீஆவையும் ஃபிக்ஹையும் ஒன்றாக்குவது. ஷரீஆ என்பது இறைவன் காட்டிய வழி. அதை அறிஞர்கள் புரிந்துகொண்ட விதம்தான் ஃபிக்ஹு. புரிதல் மனிதருடையது, அதில் தவறு வரலாம். இதை அந்த அறிஞர்களே ஒப்புக்கொண்டார்கள்.

ஃபத்வா என்றதும் தண்டனை உத்தரவு என்று பதறுவதும் தவறு. கேட்டவருக்கு முஃப்தி என்ற சட்ட அறிஞர் தரும் மார்க்க விளக்கம் அது. வழக்கை விசாரித்துக் காழி என்ற நீதிபதி சொல்லும் தீர்ப்புதான் கட்டுப்படுத்தும். அப்புறம், எல்லாமே ஹலால் அல்லது ஹராம் என்ற இரண்டுக்குள் அடங்காது. கடமை, விரும்பத்தக்கது, அனுமதிக்கப்பட்டது, வெறுக்கத்தக்கது, தடுக்கப்பட்டது என ஐந்து படிகள் உண்டு.

என்னை அதிகம் வருத்துவது முஸ்லிம்களே செய்யும் தவறு. மாலிகி ஒருவர் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டுத் தொழுவதைப் பார்த்து, ‘இவருக்குத் தொழவே தெரியவில்லை’ என்று முகம் சுளிப்பது. ஷாஃபிஈ மத்ஹபின் மூலவரான இமாம் ஷாஃபிஈயே, மாலிகி மத்ஹபின் மூலவரான இமாம் மாலிக்கிடம் படித்தவர். பிறகு ஆசிரியரோடு பல இடங்களில் மாறுபட்டார். எகிப்துக்குப் போனபின் தன் பழைய கருத்துகள் சிலவற்றைத் தானே மாற்றிக்கொண்டார். பழைய சொல், புதிய சொல் என்று அவருடைய மத்ஹபு நூல்கள் இன்றும் இரண்டையும் பிரித்தே சொல்கின்றன.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘அப்படியானால் எதுவுமே உறுதி இல்லை, பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம்’ என்று முடிவுகட்டுவதும் சரியல்ல. ஐவேளைத் தொழுகையும் ரமலான் நோன்பும் கடமையா என்பதில் இந்த மத்ஹபுகளுக்குள் சச்சரவே இல்லை. கையை எங்கே வைப்பது, எது உளூவை முறிக்கும் என்பவற்றில்தான் பேச்சு. அங்கேயும் ஆதாரம் காட்டித்தான் பேச வேண்டும்.