தெர்மாமீட்டர் உடைந்தால் பாதரசத்தை எடுப்பது எப்படி?

பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் அரை முதல் ஒரு கிராம் வரை பாதரசம் இருக்கும். உடைந்ததும் குழந்தைகளையும் நாய், பூனையையும் வெளியே அனுப்புங்கள். ஏசியை அணைத்து, ஜன்னலைத் திறந்து, உள்கதவைச் சாத்துங்கள்.

துடைப்பத்தைத் தொடவே வேண்டாம். பெருக்கினால் ஓர் உருண்டை பல துளிகளாகச் சிதறும்; பரப்பு கூடக் கூட ஆவியும் கூடும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது. மூச்சில் போவதுதான் பெரிய ஆபத்து. வாக்குவம் கிளீனர் இன்னும் மோசம், ஆவியை அறை முழுக்க ஊதிவிடும்.

மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். பாதரசம் தங்கத்தோடு கலந்துவிடும். கையுறை போட்டு, முதலில் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்குங்கள். இரண்டு தடித்த அட்டைகளால் உருண்டைகளை மெதுவாக ஒன்றுசேர்த்து, சொட்டு மருந்துக் குழாயால் உறிஞ்சுங்கள். விளக்கை அணைத்து டார்ச்சைத் தரையோடு சாய்த்துப் பிடித்தால் மிச்சத் துளிகள் மின்னும். செல்லோடேப்பால் ஒற்றி எடுங்கள்.

கையுறை, அட்டை உட்பட எல்லாமே இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போகட்டும். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் பாதரசம் குழாய் வளைவில் தங்கிவிடும். பட்ட துணியை வாஷிங் மெஷினில் போடாதீர்கள், அதுவும் டப்பாவுக்கே. 'பாதரசம்' என்று மேலே எழுதி, குப்பையோடு கலக்காமல், வீட்டு அபாயக் கழிவு என்று சொல்லித் தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள். ஜன்னல் ஒருநாள் முழுக்கத் திறந்தே இருக்கட்டும்.