பிள்ளைகளின் கையில் உருளும் பொருட்கள்: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றின் பென்சில் பாக்ஸைத் திறந்து பாருங்கள். வாசனை ரப்பர், பேனா ஸ்பிரிங், புளியங்கொட்டை, ரப்பர் பேண்ட், பாப்-இட்டில் (குமிழ்களை அழுத்தி விளையாடும் ரப்பர் பொம்மை) கிழிந்த ஒரு துண்டு எல்லாம் இருக்கும். பாடம் நடக்கும்போது இவற்றில் ஒன்று டெஸ்க்குக்கு அடியில் கையில் உருண்டுகொண்டிருக்கும். நம்மில் பலர் உடனே செய்கிற தவறு, அதைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுவிடுவது.

பொருள் போனதும் கை சும்மா இருந்துவிடாது. பெஞ்சைச் சுரண்டும், நகத்தைப் பிய்க்கும், முன்னால் இருப்பவளின் ரிப்பனை இழுக்கும். ஏ.டி.எச்.டி. (கவனத்தை நிறுத்த முடியாமலும் துறுதுறுவென்றும் இருக்கும் நிலை) உள்ள பிள்ளைகள், மனதில் ஒன்றை நிறுத்திவைத்து யோசிக்க வேண்டிய வேலையின்போது வழக்கத்தைவிட அதிகமாக அசைகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த அசைவு பல நேரம் யோசிப்பதற்கான முயற்சியோடு சேர்ந்தே வருகிறது. அதைச் சேட்டை என்று மட்டும் பார்த்தால் பிள்ளைக்கு அநியாயம் செய்கிறோம்.

அதற்காக எதைக் கொண்டுவந்தாலும் சரி என்று விட்டுவிடுவதும் தவறுதான். 2017-இல் ஃபிட்ஜெட் ஸ்பின்னர் என்ற, விரல்களில் பிடித்துச் சுழற்றும் பொம்மை உலகம் முழுக்கப் பரவியபோது, கவனத்தைக் கூட்டும் என்று சொல்லியே விற்றார்கள். வகுப்பில் வைத்துச் சோதித்த சில ஆய்வுகளில் பிள்ளைகளின் கவனம் குறையத்தான் செய்தது. காரணம் எளிது. சுழலும் பொருள் கண்ணை இழுக்கும். புளியங்கொட்டையை யாரும் உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. விரல்கள் தாமாக உருட்டும், கண் கரும்பலகையில் இருக்கும். அதனால் பொருளின் பெயரை வைத்துத் தடை போடாதீர்கள். கண் எங்கே இருக்கிறது, சத்தம் வருகிறதா, நோட்டில் எழுத்து நகர்கிறதா என்று பாருங்கள். டிக்டேஷனில் ஒரு சொல்லும் விடாமல் எழுதுகிற பிள்ளையின் இடது கையில் என்ன இருந்தால் என்ன?

சத்தம் போடும் பொருளுக்குப் பதில் கொடுக்க எளிய வழிகள் உண்டு. டெஸ்க்கின் அடிப்பக்கம் வெல்க்ரோ துண்டு ஒன்றை ஒட்டிவிட்டால், விரலால் தடவிக்கொண்டே இருக்கலாம். முடிச்சுப் போட்ட கம்பளி நூலும் போதும்.

துறுதுறுப்பான ஒருவனுக்கு மட்டும் தனியாகக் கொடுப்பது நல்ல எண்ணத்தில் செய்கிற தவறு. “அவனுக்கு மட்டும் ஏன் மிஸ்?” என்ற கேள்வி அன்றைக்கே வரும். அப்புறம் அந்தப் பொருளே அவன்மேல் ஒட்டிய முத்திரையாகிவிடும். வகுப்புக்கே பொதுவாக ஒரு டப்பாவில் வையுங்கள். கொஞ்ச நாள் எல்லோரும் எடுப்பார்கள். புதுமை போனதும் தேவைப்படுகிறவர்கள் மட்டும் எடுப்பார்கள். அந்தக் கொஞ்ச நாளைப் பார்த்துப் பயந்து டப்பாவைத் தூக்கிவிட வேண்டாம்.

“கணக்கை முடி, அப்புறம் தருகிறேன்” என்பதும் வேண்டாம். கணக்குப் போடத்தான் அவனுக்கு அது தேவை.

ஒரு விஷயத்தில் மட்டும் தயவுதாட்சண்யமே கூடாது. லைட் எரியும் ஸ்பின்னர்களில் பட்டன் பேட்டரி இருக்கும். அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண்ணை உண்டாக்கக்கூடும். சின்னச் சின்னக் காந்த மணிகளை ஒன்றுக்கு மேல் விழுங்கினால், அவை குடல் சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடக்கூடும். இவற்றை அப்போதே வாங்கி வைத்து, பெற்றோரை வரச்சொல்லி அவர்கள் கையில் கொடுத்து, காரணத்தையும் சொல்லுங்கள். எதையும் வாயில் போடுகிற சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் கோலி, புளியங்கொட்டைகூட வேண்டாம். கையளவு துணி உருண்டை போதும்.

மற்ற பொருட்களை வாங்கிவைக்க நேர்ந்தால் அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வருடக் கடைசிவரை டிராயரில் கிடக்கவிடாதீர்கள்.