எழுதாத பக்கம் மட்டும் ஏன் கெட்டது?

எக்ஸ்வி6, எம்ஐடி மாணவர்களுக்காக எழுதப்பட்ட குட்டி இயங்குதளம். அதன் பழைய எக்ஸ்86 (இன்டெல் வகை சிபியு) பதிப்பில் பக்க மாற்றீடே, அதாவது நினைவகத்தின் ஒரு சிறு துண்டை (பக்கத்தை) டிஸ்குக்குத் தள்ளி இடம் பிடிக்கும் வழியே, கிடையாது. நினைவகம் தீர்ந்தால் தீர்ந்ததுதான். கடிகார முறையில் (பக்கங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, அண்மையில் பயன்படாததை வெளியேற்றுவது) அதைச் சேர்க்கப் போய், வெள்ளவத்தை அறையில் மூன்று இரவு போய்விட்டது.

முதலில் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு ஒரு கெட்டித்தனம் செய்தேன்: டிஸ்கில் ஏற்கெனவே நகல் இருந்து, டேர்ட்டி பிட்டும் (பக்கம் மாறியதைக் காட்டும் குறி) விழாத பக்கமென்றால் திரும்ப எழுதாமல் அப்படியே கைவிடுவது. அதற்குப் பிறகு சோதனை நிரல் ஒரு பக்கத்தை வாசித்தால் சிலவேளை இன்னொரு பக்கத்தின் எண்கள் வந்தன.

டிஸ்கில் பக்கங்கள் கிடக்கும் ஸ்வாப் இட எண்களைச் சரிபார்த்தேன், பிழையில்லை. கடிகாரத்தைக் கழற்றி ஃபிஃபோ (முதலில் வந்தது முதலில் வெளியே) போட்டேன், அதே கதை. அறைத்தோழன் பிளேன்டீயை வைத்துவிட்டுக் கேட்டான்: "மச்சான், டிஸ்குக்கு எழுதின பக்கம் ஒண்டும் பிழையாப் போகேல்லையே?"

அங்கேதான் பிடி கிடைத்தது. டிஸ்குக்கு எழுதும்போது பிராசஸ் தூங்கும். எழும்பும்போது ஷெட்யூலர் சிஆர்3ஐ (பக்க அட்டவணை எங்கே என்று சொல்லும் சிபியு பதிவகத்தை) மறுபடி ஏற்றும். அதனால் டிஎல்பி (எந்த முகவரி எந்த நினைவக இடம் என்று சிபியு குறித்துவைக்கும் சிறு கேஷ்) தற்செயலாகத் துடைபட்டுவிடும். எழுதாத பக்கத்துக்குத் தூக்கமும் இல்லை, துடைப்பும் இல்லை. உள்ளே வரும் பக்கமும் பஃபர் கேஷிலேயே (டிஸ்க் தரவின் நகல் நினைவகத்தில் இருக்கும் இடம்) கிடைத்துவிட்டால், பழைய முகவரி டிஎல்பியில் உயிரோடு இருந்து, கைமாறிப்போன ஃபிரேமையே (நினைவக இடத்தையே) காட்டும்.

பிரசன்ட் பிட்டை (பக்கம் நினைவகத்தில் இருப்பதைக் காட்டும் குறி) அழித்த அடுத்த வரியில் இன்விஎல்பிஜி, அதாவது அந்தப் பக்கத்தை டிஎல்பியிலிருந்து துடைக்கும் கட்டளை. அவ்வளவுதான், நிம்மதி. அக்சஸ்ட் பிட்டை (பக்கம் பயன்பட்டதைக் காட்டும், கடிகாரம் பார்க்கும் குறி) அழிக்கும் இடத்திலும் அதையே போட்டேன். இல்லாவிட்டால் சிபியு அந்த பிட்டைத் திரும்ப ஏற்றாமல், ஓயாமல் பயன்படும் பக்கத்தையே கடிகாரம் வெளியே தள்ளும்.