துப்பாக்கி இருக்கும் வீட்டைத் திருடனிடமிருந்து காப்பது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

துப்பாக்கி சேகரிக்கத் தொடங்குபவர்கள் பலர் முதல் வேலையாக ஒரு இரும்புப் பெட்டகத்தை வாங்கி மூலையில் நிறுத்திவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடுகிறார்கள். பெட்டகம் வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஆனால் திறக்கவே முடியாத பெட்டகம் என்று எதுவும் கிடையாது. உடைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை வைத்துத்தான் அதற்குத் தரமே கொடுக்கிறார்கள். அந்த நேரம் நமக்குப் பயன்பட வேண்டுமென்றால், ஒருத்தன் உள்ளே நுழைந்துவிட்டான் என்பது யாருக்காவது தெரிய வேண்டும், தெரிந்த ஆள் வந்தும் சேர வேண்டும். வீட்டை ஒரு வாரம் பூட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள், அலாரமும் இல்லை, அக்கம்பக்கத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது என்றால், அரைமணி நேரம் தாங்கும் பெட்டகமும் ஐந்து நிமிடம் தாங்கும் பெட்டகமும் ஒன்றுதான்.

தொடங்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. துப்பாக்கியை எப்படிப் பூட்டி வைக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் 2017 ஜூலையிலிருந்து புதிதாக வாங்கும் பெட்டகம் ஈஎன் 1143-1 என்ற ஐரோப்பியத் தரத்தில் குறைந்தது கிரேடு 0 ஆக இருக்க வேண்டும். பிரிட்டனில் துப்பாக்கி அலமாரிக்கென்றே பிஎஸ் 7558 என்று ஒரு தரம் இருக்கிறது. உங்கள் லைசென்ஸில் என்ன நிபந்தனை போட்டிருக்கிறது என்று முதலில் படியுங்கள். நான் சொல்லப்போவதெல்லாம் அதற்கு மேல் செய்ய வேண்டியவை.

படி 1: நிமிடக் கணக்கு

ஒரு தாளை எடுத்து இரண்டு எண்களை எழுதுங்கள். ஒன்று, அலாரம் அடித்த பிறகு போலீஸோ பக்கத்து வீட்டுக்காரரோ நீங்களோ வீட்டு வாசலுக்கு வந்து சேர உண்மையிலேயே ஆகும் நேரம். ஆசைப்படும் நேரத்தை எழுதாதீர்கள். இரண்டாவது, அலாரம் அடித்ததிலிருந்து திருடன் கையில் துப்பாக்கி கிடைக்க ஆகும் நேரம். முதல் எண்ணைவிட இரண்டாவது பெரிதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது, அலாரம் அடிப்பதற்கு முன்னால் திருடன் செலவழிக்கும் நேரம் கணக்கில் சேராது. படுக்கையறையில் மட்டும் சென்சார் வைத்திருந்தால், வாசல் கதவு பத்து நிமிடம் தாக்குப்பிடித்தும் பிரயோஜனம் இல்லை, ஏனென்றால் கடிகாரம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை. அலாரம் வெளிச்சுற்றில், தடுப்பு உள்சுற்றில் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

படி 2: ஊருக்குச் சொல்லாமல் இருப்பது

காசே செலவாகாத படி இது, ஆனாலும் பலர் இதைச் செய்வதில்லை. வண்டியின் பின்கண்ணாடியில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர், சமூக வலைத்தளத்தில் சேகரிப்பு முழுவதையும் மேசையில் பரப்பி எடுத்த போட்டோ, அதே கணக்கில் அடுத்த மாதம் "குடும்பத்தோடு பத்து நாள் சுற்றுலா" என்று ஒரு பதிவு. திருடனுக்கு இதைவிட என்ன வேண்டும்? போட்டோ போடாமல் இருக்கவே முடியாது என்றால், இடத்தகவலை நீக்கிவிட்டு, பின்னணியில் ஜன்னலோ வாசலோ தெரியாமல் போடுங்கள், ஊருக்குப் போன விஷயத்தைத் திரும்பி வந்த பிறகு எழுதுங்கள்.

பெட்டகம் வந்திறங்கும் நாளிலும் கவனம் தேவை. படம் போட்ட அட்டைப்பெட்டியைத் தெருவில் குப்பையோடு வைத்தால் ஊருக்கே அறிவிப்பு கொடுத்த மாதிரி, கிழித்து மடித்துத்தான் அப்புறப்படுத்த வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் எலெக்ட்ரீஷியன், பெயின்டர் யாருக்கும் அந்த அறையைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. கண்ணாடிக் கதவு போட்ட காட்சி அலமாரி பார்க்க அழகாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் அதைக் கடைச் ஷோகேஸாகத்தான் நினைக்க முடியும், பாதுகாப்பு என்று சொல்ல முடியாது.

படி 3: கதவு

வாசல் கதவை உதைத்துத் திறக்கும்போது பெரும்பாலும் பூட்டு உடைவதில்லை. பூட்டின் நாக்கு போய் உட்காரும் இடத்தில் நிலைச்சட்டம் பிளந்துகொள்ளும், அதுதான் நடக்கிறது. அங்கே திருகியிருக்கும் சின்னத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் 20 மி.மீ. நீளத்தில் இரண்டு திருகுதான் இருக்கும். அதை எடுத்துவிட்டுக் கனமான, நீளமான இரும்புத் தகடு வைத்து, 75 மி.மீ. திருகுகளை நிலைக்குப் பின்னால் இருக்கும் கட்டை வரைக்கும் இறக்குங்கள். சுவர் செங்கல் அல்லது கான்கிரீட் என்றால் அதற்கேற்ற ஆங்கர் (சுவருக்குள் இறுகிப் பிடிக்கும் போல்ட்) போட வேண்டும். கீல் பக்கமும் இதே வேலைதான். இந்த ஒரு மாற்றம், விலை உயர்ந்த புதுப் பூட்டைவிட அதிகம் உதவும் என்பது என் கருத்து.

அதற்குப் பிறகு பூட்டு. டெட்போல்ட் வகையில், அதாவது சாவியையோ குமிழையோ திருப்பினால்தான் நாக்கு நகரும் பூட்டில், நாக்கு குறைந்தது 25 மி.மீ. வெளியே வருவதாகப் பாருங்கள். கதவு வெளிப்பக்கம் திறப்பதாக இருந்தால் கீலின் ஆணி வெளியே தெரியும், அதை உருவ முடியாத கீலாக மாற்றுங்கள். உள்ளே வெற்றாக இருக்கும் கதவுப்பலகை என்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது, முதலில் கதவையே மாற்றுங்கள். புதுக்கதவு வாங்குபவர்கள் ஈஎன் 1627 தரத்தைக் கேட்கலாம். அதில் ஆர்சி2 என்ற பிரிவு என்றால் ஸ்க்ரூடிரைவர், குறடு, ஆப்பு மாதிரியான கருவிகளுக்கு எதிராக 3 நிமிடம், ஆர்சி3 என்றால் கடப்பாரையும் சேர்த்து 5 நிமிடம் தாங்குவதாகச் சோதித்திருக்கிறார்கள்.

படி 4: ஜன்னல்

நகரும் கண்ணாடிக் கதவின் கீழ்த்தடத்தில் ஒரு கம்போ கட்டையோ அளவாக வெட்டிப் போடுங்கள், மேலே தூக்கிக் கழற்ற முடியாதபடி மேல்தடத்தில் ஒரு தடுப்புத் திருகும் வேண்டும். டெம்பர்டு கண்ணாடி ஒரே அடியில் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும், ஆளுக்குக் காயம் படாது என்பதைத் தவிர அதில் திருட்டுப் பாதுகாப்பு எதுவும் இல்லை. லேமினேட்டட் கண்ணாடி நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் படலத்தால் விரிசல் விட்டும் விழாமல் நிற்கும். ஜன்னலுக்குக் கீழே செடி இடுப்புயரத்துக்கு மேல் வளரக் கூடாது, ஒளிந்துகொள்ள வசதியாகிவிடும்.

ஏணி, கடப்பாரை, கிரைண்டர் எல்லாம் வெளிக்கொட்டகையில் கிடக்கிறதா? பூட்டி வையுங்கள். திருடன் எல்லாக் கருவியையும் தூக்கிக்கொண்டு வருவதில்லை, உங்கள் பெட்டகத்தை உங்கள் கிரைண்டராலேயே அறுத்துவிட்டுப் போவான்.

படி 5: அலாரம்

வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாகத்தில் ஜோசப் கூன்ஸ் என்ற குற்றவியல் பேராசிரியரின் குழு, சிறையில் இருந்த 422 வீட்டுத் திருடர்களிடம் கேட்டு ஓர் ஆய்வு செய்தது. அலாரம் இருப்பது தெரிந்தால் வேறு வீட்டைத் தேடிப் போய்விடுவோம் என்று சுமார் 60 சதவீதம் பேர் சொன்னார்கள். அதைத் திருப்பிப் படித்தால், மீதிப் பேர் போகமாட்டார்கள். அவர்களுக்காகத்தான் மற்ற படிகள்.

எல்லா வெளிக்கதவுக்கும் தரைத்தள ஜன்னலுக்கும் காந்த சென்சார், நடைபாதையில் ஒரு அசைவு சென்சார், பெட்டகத்தின் மேலேயே ஒரு அதிர்வு சென்சார், இதுதான் அடிப்படை. காந்த சென்சார் கதவு திறந்தால்தான் சொல்லும், கண்ணாடியை உடைத்துக் குனிந்து உள்ளே வந்தால் அதற்குத் தெரியாது, எனவே பெரிய கண்ணாடி இருக்கும் இடத்தில் கண்ணாடி உடையும் சத்தத்தை உணரும் சென்சாரும் வேண்டும். அலாரம் வீட்டு இணையத்தை மட்டும் நம்பி இருக்கக் கூடாது. வயரை வெட்டினாலும் கரண்ட்டை நிறுத்தினாலும் செய்தி போகும்படி பேட்டரியும் சிம் கார்டும் உள்ள பெட்டியாக வாங்குங்கள்.

கேமரா திருடனைத் தடுக்கும் என்று நம்பி அதிலேயே பணத்தைக் கொட்டாதீர்கள். முகத்தை மறைத்த ஒரு ஆள் உங்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போவதை நல்ல தெளிவாகப் பார்க்கலாம், அவ்வளவே. வைப்பதென்றால் பதிவாகும் பெட்டியைப் பெட்டகத்துக்குள்ளோ மறைவான இடத்திலோ வையுங்கள், கேமராவின் இணையக் கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள், துப்பாக்கி இருக்கும் அறைக்குள் கேமராவைத் திருப்பாதீர்கள்.

படி 6: பெட்டகம்

இங்கேதான் விளம்பரம் நம்மை அதிகம் ஏமாற்றும். "துப்பாக்கிப் பெட்டகம்" என்று விற்பவற்றில் நிறைய, அமெரிக்காவின் யூஎல் என்ற சோதனை நிறுவனத்தின் தரப்படி வீட்டு உபயோகக் கொள்கலன் என்ற பிரிவில்தான் வரும். அதன் அடிப்படைச் சோதனை, சாதாரணக் கைக்கருவிகளுக்கு எதிராக 5 நிமிடம். டிஎல்-15, டிஎல்-30 என்று போட்டிருந்தால் துளைக்கும் இயந்திரம், அறுக்கும் இயந்திரம் எல்லாம் கொண்டு தாக்கினாலும் 15 அல்லது 30 நிமிடம் தாங்க வேண்டும், ஆனால் அவை பல நூறு கிலோ எடை, விலையும் அதற்கேற்ப. உங்கள் படி 1 கணக்கை எடுத்துப் பாருங்கள். ஆள் வர ஏழு நிமிடம் என்றால், பெட்டகம் இருக்கும் அறைக்கு நல்ல கதவும் 5 நிமிடப் பெட்டகமும் சேர்ந்து ஏறக்குறைய சமாளித்துவிடும். இருபது நிமிடம் ஆகும் இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் கனமான பெட்டகம்தான் வழி.

தகட்டின் தடிமனைக் கேட்கும்போது கேஜ் எண் தலைகீழ் என்பது நினைவிருக்கட்டும். எண் குறையக் குறையத் தகடு தடிக்கும். 14 கேஜ் சுமார் 1.9 மி.மீ., 12 கேஜ் 2.7, 10 கேஜ் 3.4. கதவு மட்டும் தடியாக இருந்து பக்கத்தகடு மெல்லியதாக இருக்கும் பெட்டகங்கள் உண்டு, பக்கவாட்டின் தடிமனைக் கேளுங்கள். தீத்தடுப்புக்காக உள்ளே ஒட்டும் ஜிப்சம் அட்டை கதவைக் கனமாகக் காட்டும், திருடனை அது தடுக்காது. கொள்ளளவும் அப்படித்தான். 24 துப்பாக்கி என்று எழுதியிருந்தால், ஸ்கோப் மாட்டிய ரைஃபிள்களில் பாதி, மிஞ்சிப்போனால் அதற்குச் சற்று மேல் வைக்கலாம். சேகரிப்பு வளரத்தான் செய்யும், ஒரு அளவு பெரிதாகவே வாங்குங்கள்.

தரையோடு போல்ட் போடாத பெட்டகம் பூட்டாத பெட்டகம் மாதிரிதான். 300 கிலோவைக்கூட இரண்டு பேர் சாய்த்துத் தரையில் படுக்க வைத்துவிட்டால், கடப்பாரை போட்டு முழு உடல் பலத்தோடு நெம்பலாம், நின்ற நிலையில் அந்த வசதி கிடைக்காது. பெட்டகத்தோடு வரும் துளைகளில், கான்கிரீட் தரைக்கு எம்12 (12 மி.மீ. விட்டமுள்ள) ஆங்கர் போல்ட் நான்கு போடுங்கள். அறையின் மூலையில், கதவு திறக்கும் பக்கம் சுவரை ஒட்டியபடி நிறுத்தினால் கடப்பாரையை நுழைத்து வளைக்க இடமே இருக்காது. மாடி என்றால் தரை தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்ட பிறகுதான் எல்லாம்.

பூட்டு விஷயத்தில் சுழற்றும் எண்பூட்டு மெதுவானது, பல வருஷம் உழைக்கும். எண்பலகை வேகமானது, பேட்டரியை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். தொழிற்சாலையில் வைத்த எண்ணை முதல் நாளே மாற்றுங்கள், பிறந்த தேதியும் வீட்டு எண்ணும் வேண்டாம். அவசரச் சாவி கொடுத்திருந்தால் அது அதே வீட்டு மேசை இழுப்பறையில் இருக்கக் கூடாது.

படி 7: உள்ளே

முதலில் எல்லாத் துப்பாக்கியிலும் தோட்டா இல்லை என்று பார்த்து உறுதி செய்யுங்கள், தோட்டாக்களைத் தனியாகப் பூட்டி வையுங்கள். போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பகுதி) கழற்றக்கூடிய ரைஃபிள் என்றால் அந்தப் போல்ட்டை வேறு பெட்டியில், முடிந்தால் வேறு அறையில் வைக்கலாம், தூக்கிக்கொண்டு போனாலும் உடனே சுட முடியாது. துப்பாக்கி விசையில் மாட்டும் பூட்டும் கேபிள் பூட்டும் குழந்தைகளுக்கான தடுப்பு. திருடன் அதைப் பொறுமையாகத் தன் இடத்தில் வைத்து வெட்டிக்கொள்வான்.

மூடிய பெட்டகத்தில் துரு வரும். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும், ஒரு சின்ன ஈரமானியும் சிலிக்கா ஜெல்லும் போதும். தோல் உறையிலோ நுரை வைத்த பெட்டியிலோ நீண்ட நாள் வைக்காதீர்கள், அவை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

படி 8: பதிவேடு

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தயாரிப்பாளர், மாடல், குழல் அளவு, தொடர் எண், வாங்கிய ரசீது, தொடர் எண் தெளிவாகத் தெரியும் போட்டோ. ஒரு நகல் பெட்டகத்தில், ஒரு நகல் வீட்டுக்கு வெளியே. இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். பல பாலிசிகளில் துப்பாக்கித் திருட்டுக்கென்று தனியாக ஒரு உச்சவரம்பு இருக்கும், அது சேகரிப்பின் மதிப்பைவிட மிகக் குறைவாக இருக்கலாம், மீதி மதிப்புக்கும் சேர்த்துக் கூடுதல் காப்பீட்டைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

படி 9: வண்டி

சுடும் தளத்துக்குப் போய்வரும் வழியில் சாப்பிட நிறுத்தும்போது துப்பாக்கியை வண்டியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டுக்கு இத்தனையும் செய்துவிட்டு ஒரு கார்க் கண்ணாடியை நம்புவது வீண்.

படி 10: நடந்தேவிட்டால்

வீட்டுக்கு வந்து பார்க்கிறீர்கள், கதவு பிளந்திருக்கிறது. உள்ளே போகாதீர்கள். சாதாரண வீட்டிலேயே இது விதி, உங்கள் வீட்டில் இன்னும் கட்டாயம், ஏனென்றால் உள்ளே இருப்பவன் கையில் இப்போது உங்கள் துப்பாக்கியே இருக்கலாம். தள்ளிப் போய் நின்று போலீஸை அழையுங்கள், உள்ளே துப்பாக்கிகள் உண்டு என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அவர்கள் பார்த்து முடிக்கும் வரை எதையும் தொடாதீர்கள், அப்புறம் பதிவேட்டை வைத்துக் காணாமல் போனவற்றின் தொடர் எண்களைக் கொடுங்கள். அந்த எண் இருந்தால்தான் தேசியத் தரவுத்தளத்திலும், நாடு தாண்டிப் போனால் இன்டர்போலின் ஐஆர்ம்ஸ் தரவுத்தளத்திலும் தேட முடியும். எண் இல்லாத புகாரால் எந்தத் துப்பாக்கி உங்களுடையது என்று நிரூபிப்பதே கஷ்டம். பெரும்பாலான நாடுகளில் லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கும் தனியாகத் தெரிவிக்க வேண்டியிருக்கும், கால வரம்பும் இருக்கும்.

ஒருமுறை திருட்டு நடந்த வீட்டில் அடுத்த சில வாரங்களில் மறுபடி நடக்கும் வாய்ப்பு அதிகம், உள்ளே என்ன மிச்சம் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். கதவு நிலை, பூட்டு, அலாரம் எண், பெட்டக எண் எல்லாம் மாற்றி முடியும் வரை மிச்சமிருக்கும் துப்பாக்கிகளைச் சட்டம் அனுமதிக்கும் வேறு பாதுகாப்பான இடத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.