டேன் டெல்டா ஏறியதற்குக் காரணம் புஷிங் இல்லை

110 கிலோவோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றில் வருடாந்திர சோதனை. முந்தின இரவு நல்ல மழை. காலை எட்டு மணிக்கே 10 கிலோவோல்ட் கொடுத்து புஷிங்குகளை (மின்கம்பியை டிரான்ஸ்ஃபார்மர் தொட்டிக்குள் கொண்டுபோகும் காப்புக் குழாய்களை) அளந்தோம். இரண்டு சரியாக இருந்தன. மூன்று ஃபேஸ்களில் பி ஃபேஸ் புஷிங் மட்டும் டேன் டெல்டா, அதாவது காப்பில் வீணாகும் மின்சாரத்தின் அளவு, 1.6 சதவீதம் காட்டியது. எண்ணெய்-காகிதப் புஷிங்குக்கு 0.7 சதவீதத்துக்கு மேல் போனாலே கவலைதான். புஷிங்கை மாற்றிவிடலாம் என்று உடன் இருந்தவர் சொன்னார்.

எனக்கு உறுத்தியது கெபாசிட்டன்ஸ் (புஷிங் மின்னூட்டத்தைத் தேக்கும் திறன்). பெயர்ப்பலகையில் இருந்த மதிப்போடு அப்படியே ஒத்துப்போனது. உள்ளே அடுக்குகள் ஷார்ட் ஆகியிருந்தால் அது கூடியிருக்க வேண்டுமே! ஈரம் புகுந்திருக்கலாம்தான், ஆனால் அந்த ஈரம் உள்ளேயா, வெளியேயா?

டெஸ்ட் டேப் (புஷிங்கில் சோதனைக் கருவியை இணைக்கும் முனை) மூடியைத் திரும்பப் பார்த்தேன். ரப்பர் வளையம் வெடித்து, டேப்பைச் சுற்றி ஈரப்பசை. உலர்ந்த துணியால் துடைத்து, ஹேர் டிரையரால் சூடு காட்டினோம். (சிரிக்காதீர்கள், எங்கள் கிட்டில் அது நிரந்தரம்.) புஷிங்கின் வெளிப்புறப் போர்சலினையும் துடைத்துவிட்டு, வெயில் ஏறும்வரை காத்திருந்தோம்.

பதினொன்றரைக்கு மறுபடி அளந்தபோது 0.41 சதவீதம். வளையத்தைப் புதிதாகப் போட்டு, மூடியை இறுக்கினேன். மூடிதான் டேப்பை எர்த்தோடு இணைக்கிறது. அதை மறந்து டிரான்ஸ்ஃபார்மரை சார்ஜ் செய்தால் (மின்சாரம் கொடுத்தால்) டேப்பில் மின்னழுத்தம் ஏறி புஷிங்கே போய்விடும். அதனால் இறுக்கியதை இன்னொருவரையும் பார்க்கச் சொன்னேன்.