ஆதன் என்றால் சூரியன் இல்லை: ஓர் அரிய பெயரைத் தேடும்போது நேரும் தவறுகள்

அக்காவின் பேரனுக்குப் பெயர் சூட்டு விழா. அழைப்பிதழின் மாதிரியைப் பார்த்துச் சொல்லும்படி கைபேசிக்கு அனுப்பியிருந்தார்கள். பெரிய எழுத்தில் 'ஆதன்'. அதன் கீழே பொடி எழுத்தில், 'சூரியன் எனப் பொருள்படும், 2600 ஆண்டுப் பழமையான சேர மன்னர் பெயர்'. ஒரே வரியில் மூன்று பிழைகள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. குழந்தைப் பெயர்ப் பட்டியல் போடுகிறவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள். முதலில் எழுதியவர் எங்கே பார்த்தார் என்பது யாருக்கும் தெரியாது. அந்த ஒரு வரியைத் திருத்த உட்கார்ந்தபோது குறித்து வைத்தவைதான் இவை. வேறு அரிய பெயரைத் தேடுகிறவர்களுக்கும் இவற்றில் பாதியாவது உதவும்.

சூரியனில் தொடங்கலாம். அகரவரிசையில் ஆதவன், ஆதித்தன், ஆதன் எல்லாம் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். ஆதவனுக்கும் ஆதித்தனுக்கும் சூரியன் என்ற பொருள் உண்டு. பட்டியல் போட்டவர் அதே பொருளைப் பக்கத்து வீட்டுக்கும் எழுதிவிட்டார். ஆதவனைச் சுருக்கினால் ஆதன் வராது. சங்கப் பாட்டு எதிலும் ஆதன் என்ற சொல் ஞாயிற்றைக் குறிக்கவும் இல்லை.

அடுத்த தவறு இதைவிடக் கவர்ச்சியானது. ஆதன்தான் ஆதாம், உலகின் முதல் மனிதன் தமிழன். இதைச் சொல்லாத உறவினர் கூட்டம் அபூர்வம். எபிரேய மொழியில் ஆதாம் என்றால் மனிதன். மண்ணைக் குறிக்கும் 'அதாமா' என்ற சொல்லோடு அதைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். அந்தப் பெயரில் கடைசி மகரம் சொல்லின் உடம்போடு ஒட்டியது; எடுத்தால் சொல்லே இல்லை. ஆதன் அப்படிப்பட்டதல்ல. சாத்தன், பூதன், கொற்றன், கண்ணன் போல இதிலும் கடைசியில் நிற்பது 'அன்' என்னும் ஆண்பால் விகுதி. அதைக் கழற்றிவிட்டால் மிஞ்சுவது 'ஆத்' மட்டும். ஆதாமோடு ஒத்துப்போவதாகத் தோன்றும் ஓசையில் பாதி விகுதியால் வந்தது. இரண்டு பெயர்கள் காதுக்கு ஒன்றுபோல் கேட்டால், முதலில் இரண்டிலும் விகுதியைக் கழற்றிவிட்டு மறுபடி பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான 'கண்டுபிடிப்புகள்' அந்த இடத்திலேயே உதிர்ந்துவிடும்.

அகராதியை மட்டும் திறந்து மூடுவது இன்னொரு தவறு. எங்கள் வீட்டில் பெரியப்பா ஒருவர் அகராதியைப் புரட்டி, ஆதன் என்றால் குருடன், அறிவில்லாதவன் என்று போட்டிருக்கிறது, பிள்ளைக்கு இப்படியா பெயர் வைப்பீர்கள் என்று கொதித்துவிட்டார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்தப் பொருளும் உண்டு. சைவப் பாடல்களில் அறிவிலிகளை 'ஆதர்' என்று ஏசுவதும் உண்டு. ஆனால் ஓர் எழுத்துக் கோவைக்கு அகராதியில் இரண்டு பொருள் இருந்தால், அவை இரண்டு தனிச் சொற்களாகவும் இருக்கலாம். வேந்தர்களும் குறுநில மன்னர்களும் சாதாரண மனிதர்களும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைக்கு வைத்த பெயரை, பிற்காலத்து வசைச்சொல்லை வைத்து அளப்பது சரியான அளவுகோல் ஆகாது. இயற்பெயருக்குப் பொருள் தேடுகிறவர் அகராதிக்குப் போகும் முன், அந்தப் பெயர் யார் யாருக்கு, எங்கே, எந்தக் காலத்தில் இருந்தது என்று பார்ப்பது நல்லது.

ஆந்தையில் ஒளிந்திருக்கும் ஆதன்

எனக்கு இந்தப் பெயரில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பள்ளியில் பிசிராந்தையார் பெயர் வந்ததும் வகுப்பில் யாராவது அலறிக் காட்டுவார்கள். ஆந்தையைப் போல் கண் பெரிதாக இருந்ததால் வந்த பெயர் என்று விளக்கம் சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பறவைக்கும் கோப்பெருஞ்சோழனின் நண்பருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில், இயற்பெயரோடு 'தந்தை' என்ற முறைப்பெயர் சேர்ந்தால் என்ன ஆகும் என்று விதி சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. சாத்தன் என்ற பெயரில் 'அன்' கெடும். 'தந்தை'யில் முதல் மெய் கெட்டு 'அந்தை' நிற்கும். இரண்டும் கூடினால் சாத்தந்தை. கொற்றனுக்குக் கொற்றந்தை. ஆனால் 'ஆதனும் பூதனும்' என்று இரண்டு பெயர்களை மட்டும் தனியாக எடுத்து வைத்து, இவற்றுக்குக் கூடுதலாகச் சில எழுத்துகள் கெடும் என்கிறது நூற்பா. பெயரில் எஞ்சிய 'த்' போய்விடும். 'அந்தை'யில் உள்ள அகரமும் போய்விடும். மிஞ்சுவது ஆ, ந்தை. கூடினால் ஆந்தை. பூதனுக்கு அதே கணக்கில் பூந்தை. ஆக, பிசிராந்தையார் என்பவர் பிசிர் என்ற ஊரைச் சேர்ந்த, ஆதனின் தந்தை.

ஒரு பெயர் எவ்வளவு புழங்கியது என்று அறிய இதைவிட நல்ல சாட்சி தேட வேண்டியதில்லை. அடிக்கடி வாயில் வரும் சொல்தான் தேயும். சாத்தந்தை முழு உருவத்தோடு நிற்க, ஆதன் தந்தை ஆந்தையாகத் தேய்ந்து, அந்தத் தேய்மானத்துக்கு இலக்கண ஆசிரியர் தனி விதி எழுத வேண்டி வந்திருக்கிறது என்றால், தெருவுக்கு ஓர் ஆதன் இருந்திருப்பான் என்று நினைப்பதில் தவறில்லை. இன்று அரிதாக இருப்பதால் அன்றும் அரிதாக இருந்தது என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

சேரருக்கு மட்டும் சொந்தமா?

சேரர்களிடம் இந்தப் பெயர் நிறையவே இருக்கிறது, மறுப்பதற்கில்லை. பதிற்றுப்பத்தில் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், ஆடுகோட்பாட்டுச் சேரலாதன், செல்வக் கடுங்கோ வாழியாதன் ஆகிய மூவரும் ஆதன்களே. கரூருக்கு அருகே புகழூர் ஆறுநாட்டார் மலையில், சமணத் துறவி செங்காயபனுக்காகப் பாறையில் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தியைச் சொல்லும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. அதில் மூன்று தலைமுறை வரிசையாக வருகிறது: கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ. பாட்டில் உள்ள பெயர் பாறையிலும் இருக்கும் நேர்த்தியான இடம் அது.

ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால் மற்ற ஆதன்கள் வெளியே நிற்பார்கள். புறநானூறு 71-ஆம் பாட்டைப் பாடியவன் பாண்டியன்: ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன். வஞ்சினம் தவறினால் எந்த நண்பர்களை இழப்பேன் என்று அவன் அடுக்கும் வரிசையில் மன்எயில் ஆந்தை வருகிறான், ஆதன் அழிசியும் வருகிறான். கள்ளில் ஆத்திரையனார் பாடிய ஆதனுங்கன் வேங்கடப் பக்கத்துக்காரன். ஓய்மான் நல்லியாதன் ஆண்டது இன்றைய திண்டிவனம் வட்டாரத்தைச் சேர்ந்த ஓய்மா நாட்டை. ஆதன் என்று கீறிய பானை ஓடுகள் அகழாய்வில் கிடைத்த கீழடி மதுரைக்குப் பக்கத்தில், பாண்டிய நாட்டில் இருக்கிறது. சேரல் என்ற அடை முன்னால் வந்தால்தான் அவன் சேரன். வெறும் ஆதன் யார் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

கீழடி ஓடுகளில் 'ஆதன்' என்றும் 'குவிரன் ஆதன்' என்றும் படிக்கப்பட்டவற்றை உடனே ஓர் அரசனோடு முடிச்சுப் போடுகிறார்கள். பானை ஓட்டில் கீறப்படுவது பொதுவாகப் பானைக்கு உடையவன் பெயர். சோறு வடித்த பானையில் தன் பெயரைக் கீறி வைத்தவன் என்பதே எனக்கு அரசனைவிட அருமையாகப் படுகிறது. இரட்டைப் பெயராக வரும் இடங்களில் முன்னால் நிற்பது தந்தையின் பெயர் என்று கொள்ளும் ஆய்வாளர்கள் உண்டு. இன்று நாம் தலைப்பெழுத்து போடும் வழக்கத்துக்கு நெருங்கிய சொந்தம்.

'2600 ஆண்டு' என்ற எண்ணையும் கவனித்துக் கையாள வேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட கீழடி அறிக்கையில், ஆய்வகத்துக்கு அனுப்பிய கரிம மாதிரிகளுள் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒன்றின் காலம் பொ.ஆ.மு. 580 என்று வந்தது. காலம் கணிக்கப்பட்டது கரித்துண்டுக்கு. ஆதன் என்று எழுதிய ஓட்டை யாரும் ஆய்வகத்தில் வைத்து ஆண்டு கேட்கவில்லை. ஓட்டின் காலத்தை அது கிடந்த மண்ணடுக்கைக் கொண்டுதான் கணிக்கிறார்கள். தமிழி எழுத்தை அந்த அளவுக்கு முன்னே கொண்டுபோவதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. அழைப்பிதழில் 'இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் பழமையானது' என்று போட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

எண்ணிப் பார்க்கும்போது

பெயரின் செல்வாக்கை அளக்கப் பலரும் செய்வது, இணையத்தில் உள்ள சங்க இலக்கியக் கோப்பைத் திறந்து 'ஆதன்' என்று தட்டுவது. நானும் அதைத்தான் செய்தேன். கைக்கு வந்தது சொற்பம், ஏமாற்றமாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. சேரலாதன் என்பதில் 'ஆ' என்ற எழுத்தே இல்லை. அது 'லா'வுக்குள் போய்விட்டது. வாழியாதனிலும் நல்லியாதனிலும் 'யா'வாகிவிட்டது. ஐங்குறுநூற்றின் முதல் பத்துப் பாட்டுகளும் ஆதனையும் அவினியையும் வாழ்த்தித்தான் தொடங்குகின்றன. பல பதிப்புகளில் அது 'வாழி யாதன்' என்றே அச்சாகியிருக்கும். ஆதனழிசி, ஆதனுங்கன் என்று சேர்த்து எழுதினால் 'ன்' புள்ளியை இழக்கிறது; அதுவும் தேடலுக்குத் தப்பிவிடும். ஆந்தையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சரி, 'ாதன்' என்று தேடுவோமே என்றால் நாதன் என்று முடிகிற பெயர்களெல்லாம் வந்து குவியும். தமிழ்ப் பெயரைத் தேடுகிறவர் புணர்ச்சியை மனத்தில் வைத்து நான்கைந்து உருவங்களில் தேடாவிட்டால் எண்ணிக்கை குறைவாகத்தான் வரும்.

இன்றைய செல்வாக்கைச் சொல்லும் தரவரிசைகள் இதைவிட மோசம். 'இந்தியாவில் 1,842-ஆவது இடம்' என்கிற மாதிரி எண்களைக் கண்டால் கடந்து போய்விடலாம். இந்திய அரசு குழந்தைப் பெயர்களின் தரவரிசையை ஆண்டுதோறும் வெளியிடுவதில்லை. அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பட்டியலை வைத்திருக்கிறது. அதிலும் ஓர் ஆண்டில் ஐந்து குழந்தைகளுக்காவது வைக்கப்பட்ட பெயர்தான் இடம்பெறும். நான்கு ஆதன்கள் பிறந்தால் பட்டியலில் ஆதனே இல்லை. பட்டியலில் இல்லாத பெயர் உலகத்தில் இல்லாத பெயர் ஆகிவிடாது.

ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு குட்டையைக் குழப்புகிறது. முதல் 'ஏ' ஒன்றா இரண்டா, நடுவில் வரும் தகரத்தை எந்த எழுத்தால் எழுதுவது என்பதில் ஆளுக்கொரு கொள்கை. ஒரு கூட்டலில் அது தொழுகை அழைப்பைக் குறிக்கும் அரபுச் சொல்லாகிவிடும். இன்னொன்றில் ஸ்பானிய மொழிக்காரர்களின் ஆதாம் ஆகிவிடும். அமெரிக்கப் பட்டியலில் அந்தக் கூட்டலுக்கு எதிரே உள்ள பெரிய எண்ணைப் பார்த்து, நம் ஆதன் கடல் கடந்து பரவிவிட்டான் என்று மகிழ்ந்தவர்களை நான் அறிவேன். இப்படிப் பிரிந்து கிடப்பவற்றைக் கூட்டாமல் ஒன்றை மட்டும் எண்ணினாலும் தவறு. எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினாலும் தவறு.

அழைப்பிதழில் கடைசியில் 'கீழடிப் பானை ஓட்டிலும் புறநானூற்றிலும் வாழும் பெயர்' என்று அச்சானது. பெரியப்பாவும் விழாவுக்கு வந்திருந்து, பிள்ளையின் காதில் மூன்று முறை ஆதன் என்று சொன்னார். பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க முதல் 12 மாதங்களுக்குக் கட்டணம் கிடையாது. குழந்தைக்கு இப்போது ஏழாம் மாதம் நடக்கிறது; 'ஏ' ஒன்றா இரண்டா என்பது இன்னும் முடிவாகவில்லை.