கிரேக்கக் கவிதையில வர்ற உருவகத்த இங்கிலீஷுக்குக் கொண்டு போறது எப்படி

உருவகம் ஒண்ணு வந்து நின்னதும் நேரா அர்த்தத்துக்கு ஓடாதீங்க, அந்த வார்த்தை வேற எங்கெல்லாம் வந்திருக்குன்னு மொதல்ல பாருங்க. லிடெல்-ஸ்காட்ங்கற கிரேக்க-இங்கிலீஷ் அகராதியில அந்த மாதிரி முக்கியமான இடமெல்லாம் போட்டிருக்கும், பழைய கிரேக்க நூலெல்லாம் இருக்கற பெர்சியஸ் சைட்ல ஃப்ரீயாவே பாக்கலாம்.

இலியட், ஒடிஸி காவியங்கள்ல ஹோமர் கடல ஒய்னோப்ஸ்னு சொல்வாரு. ஒய்னோஸ்னா ஒயின், ஓப்ஸ்னா கண்ணு இல்லன்னா முகம், அவ்வளவுதான். இத இங்கிலீஷ்ல வழக்கமா 'ஒயின்-டார்க்'னு போடுவாங்க, அதுல இருக்கற டார்க் கிரேக்கத்துல கெடையாது, மொழிபெயர்த்தவங்க சேத்தது. அகராதியில இன்னும் தேடுனா இலியட் 13ஆம் காண்டத்துல வேர்க்க வேர்க்க ஏர் இழுக்கற ரெண்டு காளைக்கும் அதே வார்த்தை! கடலுக்கும் காளைக்கும் சேந்து பொருந்தற ஒரு இங்கிலீஷ் வார்த்தை கெடைக்கறது கஷ்டம், ஆனா தேடிப் பாத்தாதான் எத விடறோம்னு தெரிஞ்சு விடுவீங்க.

அடுத்தது வினைச்சொல். எல்லாரும் பெயர்ச்சொல்லயே பிடிச்சுக்கிட்டு இத விட்டுடறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது. ஈஸ்கிலஸோட அகாமெம்னான் நாடகம், கி.மு. 458. கப்பல் கெளம்ப காத்து மாறணும்னா அகாமெம்னான் ராஜா தன் மக இஃபிஜெனியாவ பலி கொடுக்கணும், அவன் துணிஞ்சுடறான், அந்த எடத்துல 'விதியோட லெபாட்னான மாட்டிக்கிட்டான்'னு வரும். லெபாட்னான்னா நுகத்தடிய கழுத்தோட சேத்துக் கட்டற தோல்பட்டை, நம்ம பூட்டாங்கயிறு மாதிரி. ஆனா மாடு தானா பூட்டிக்காது இல்லயா, இங்க அவனே மாட்டிக்கறான், 'எடு' (edu)ங்கற அந்தக் கிரேக்க வினை வீரன் கவசம் போட்டுக்கறதுக்கு ஹோமர்ல வர்ற அதே வினைதான். இத 'விதிக்குப் பணிந்தான்'ங்கற மாதிரி இங்கிலீஷ்ல எழுதிட்டா பட்டையும் போச்சு, அவன் கையும் போச்சு, பழி மொத்தமும் விதி மேல போயிடும். ஸ்ட்ராப், புட் ஆன் ரெண்டயும் காப்பாத்துங்க, வரி கொஞ்சம் கரடுமுரடா வந்தாலும் பரவால்ல.

ஹோமர்ல 'பல்லோட வேலிய தாண்டி என்ன வார்த்தை வந்துச்சு'ன்னு வர்ற மாதிரி எடத்துல வேலிய அப்படியே விடுங்க, படிக்கறவங்களுக்குப் புரியும்.

திரும்பத் திரும்ப வர்ற அடைமொழிக்கு மட்டும் ஆரம்பத்துலயே முடிவு பண்ணிடுங்க. விடியலுக்கு 'ரோஜாவிரல்'னு ஹோமர் சொல்றத இங்கிலீஷ்ல மொழிபெயர்த்த லாட்டிமோர் மாத்தாம வச்சாரு, இன்னொரு மொழிபெயர்ப்பாளர் எமிலி வில்சன் 2017ல வந்த ஒடிஸில எடத்துக்கு எடம் மாத்துனாங்க. எனக்கு மாத்தாம வைக்கறதுதான் பிடிக்கும், ஏன்னா பின்னாடி சாஃபோங்கற கிரேக்கப் பெண் கவிஞர் அதே வார்த்தைய எடுத்து நிலாவுக்குப் போடறாங்க, ஹோமர்ல அது காதுல பதிஞ்சிருந்தாதான் அந்த நிலாவப் பாத்து ஒருத்தர் திடுக்கிடுவாரு.